பதினான்காம் கேள்வி

சல்மாபாத், முகாம் எண் ஆறு.
வெள்ளிக்கிழமை, துணி துவைக்கும் நேரம்.
வாளிகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து
கேட்கிறேன்:
ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் குடிக்கிறீர்கள்?

நாலு, என்கிறார் இருதயராஜ்.
நாலு, என்று விரல்களைக் காட்டுகிறார் மொக்லேஸ்.
நாலு, நாலு, நாலு.
பரீட்சைக் கூடத்தில் போல
வரிசையில் நிற்கும்போதே விடை
காதுக்குக் காது வந்துவிடுகிறது.

ஆனால் மூடி போட்ட குப்பிகளில்
அவர்கள் கொண்டுவந்து தருவது
சுலைமானி நிறம்.
எலுமிச்சை பிழியாத,
அடுப்பில் மறந்துபோன சுலைமானி.

நகராட்சி தந்த பணத்தில் நடக்கிறது ஆய்வு.
பதினெட்டு மாதம், இரண்டு கோடை.
தலைப்பு நீளம்; சுருக்கிச் சொன்னால்
இந்த ஊரில் இளம் சிறுநீரகங்கள் ஏன் கெடுகின்றன.
பேராசிரியர் ஃபவுசியாவின் அறையில்
முதலில் இருந்த பதில் எளியது:
தண்ணீர் போதவில்லை, குளிர்பெட்டி வையுங்கள்.
வைத்திருந்தார்கள். கட்டடத்துக்கு மூன்று.
நானே திறந்து பார்த்தேன்.
சில்லென்று, நிறைய, யாரும் தொடாமல்.

போச்சய்யாதான் சிரித்தார்.
நிஜாமாபாத்காரர், கம்பி கட்டுபவர்,
மேஸ்திரிகளின் வசவிலிருந்து தமிழ் கற்றவர்.
"அம்மா, தண்ணி எவ்ளோன்னு கேக்காத.
போறதுக்கு எவ்ளோ தூரம்னு கேளு."

மறுநாள் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு போனேன்.
ஏழாவது மாடியிலிருந்து இறங்கி,
மணல் குவியலைச் சுற்றி,
போர்மேன் கொட்டகையை அவர் கண்ணெதிரே கடந்து,
அந்தத் தகரக் கதவு வரை
நானூற்றுப் பன்னிரண்டு எட்டு.
போக வர அரை மணி.
அரை மணி போனால் அட்டையில் ஒரு சிவப்புக் கோடு.
மூன்று கோட்டுக்கு ஒரு நாள் கூலி.

குடித்தால் இறங்க வேண்டும்.
இறங்கினால் கோடு.

இதற்கா இத்தனை பணம் என்று
அன்றிரவு வெட்கத்தோடு எழுதி வைத்தேன்.
இப்போது அப்படி நினைக்கவில்லை.
போச்சய்யாவுக்கு எப்போதுமே தெரியும்.
போர்மேனுக்கும் தெரியும்.
தெரிந்தது எண்ணாகி, எண் அட்டவணையாகி,
அதிகாரியின் மேசையில் வைக்கத் தக்க தாளாவதற்கு
யாரோ என் பஸ் கூலியைத் தர வேண்டியிருந்தது;
குப்பிக்கும் பனிப்பெட்டிக்கும்,
தெலுங்கும் வங்காளமும் பெயர்த்துச் சொன்ன மாணவர்களுக்கும்.

கேள்வியை மாற்ற அறநெறிக் குழுவின் அனுமதி: ஏழு வாரம்.
அளவு நாடா திட்டத்தொகையில் இல்லை.
நானே வாங்கினேன், ஒரு தினார் இருநூறு ஃபில்ஸ்.
ரசீது தொலைந்துவிட்டது.

நகராட்சிக் கூட்டத்தில் ஃபவுசியா
ஒரே ஒரு வரைபடம் காட்டினார்:
கிடையில் தூரம், நெடுக்கில் நிறம்.
குளிரூட்டியின் சத்தம் மட்டும் கேட்டது.
பிறகு ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு
"ஒரு கழிப்பறை என்ன விலை?" என்றார்.

அடுத்த கோடையில் ஒன்பது கட்டடங்களில்
நீலப் பெட்டிகள் கிரேனில் ஏறின.
எல்லாவற்றிலும் இல்லை;
இரண்டு நிறுவனங்கள் இன்னும்
கடிதம் எழுதிக்கொண்டிருக்கின்றன.

இருதயராஜின் குப்பி வைக்கோல் நிறத்துக்கு வந்தது.
எத்தனை லிட்டர் என்றேன்.
மூணு இருக்கும், என்றார்.
நாலிலிருந்து இறங்கிய அந்த மூன்றைத்தான்
நான் நம்பினேன்.

வரிசை எண் எழுபத்தேழு, மொக்லேஸ்.
பிப்ரவரியில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.
அப்படிப்பட்டவர்களுக்கு நேரே எழுத
அட்டவணையில் ஒரு சொல் உண்டு: தொடர்பில் இல்லை.
ஞாயிறு அறிக்கை போக வேண்டும்.
எழுதாமல் ஃபோன் செய்தேன்.

அரைகுறை இந்தியில் இருவரும் பேசினோம்.
வாரம் இரண்டு முறை டயாலிசிஸ்.
வீட்டை ஒட்டியே கழிப்பறை, என்றார்.
வேறென்ன கேட்பதென்று தெரியாமல்
பதினான்காம் கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

அரை லிட்டர், என்றார்.
அதற்கு மேல் டாக்டர் விடுவதில்லை.
மகள் அளந்து ஊற்றுகிறாள்.